பத்து முத்திரை இருட்டு

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவி தொகிகோ முள்ளங்கி எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தாள். உள்ளே, தோஃபுவுக்கும் நொசாவாக் கீரை ஊறுகாய்க்கும் நடுவில், என் கேமரா உட்கார்ந்திருந்தது. கதவு திறந்ததும் அது க்ளிக் என்றது.

"ஏங்க."

"ம்."

"இது இங்க என்ன பண்ணுது?"

"படம் எடுக்குது."

"மூடி போட்டிருக்கே."

"மூடி போட்டுத்தான் எடுக்கணும். இருட்டைப் படம் எடுக்குது."

"ஃபிரிட்ஜுக்குள்ள இருக்கற இருட்டையா?"

"ஃபிரிட்ஜோட இருட்டு இல்ல. கேமராவோட இருட்டு."

தொகிகோ முள்ளங்கியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தாள். முப்பது வருடமாக அந்தப் பார்வை எனக்குப் பழக்கம். இந்த ஆளைத் தேடிப்பிடிக்க நம் வீட்டில் எத்தனை நாள் அலைந்தார்களோ என்று யோசிக்கும் பார்வை அது.

நான் விளக்கினேன். ராத்திரி வெளியில் எடுக்கும் படத்தில் நட்சத்திரம் மட்டும் விழுவதில்லை. கேமரா தன் சொந்தப் புள்ளிகளையும் கொஞ்சம் தூவிவிடும். அதே குளிரில், மூடி போட்டு, அதே ஐந்து நிமிஷம் எடுத்தால் அந்தப் புள்ளிகள் மட்டும் தனியாகக் கிடைக்கும். ஒன்றுமே தெரியாத இந்தப் படத்தை, ஏறக்குறைய ஒன்றுமே தெரியாத அந்தப் படத்திலிருந்து கழித்தால் மிச்சம் வருவதுதான் கலை.

"எத்தன எடுக்கணும்?"

"முப்பது."

"முப்பது அஞ்சு நூத்தம்பது நிமிஷம். அதுவரைக்கும் நான் ஃபிரிட்ஜைத் திறக்கக் கூடாது."

"தாராளமா திறக்கலாம். ஆனா குளிர் மாறிடும்."

"சரி. மத்தியானம் தோஃபு வேணும்னா உங்க இருட்டுகிட்ட அனுமதி கேட்டுக்கறேன்."

கதவைச் சாத்திவிட்டுப் போனாள். சத்தமாகச் சாத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

என் பெயர் ஹொகாரி. வயது ஐம்பத்தேழு. யத்சுகதாகே மலையடிவாரத்தில் பத்தே பத்து வீடுகள் உள்ள தெருவில் கடைசி வீடு எங்களுடையது. பகலில் சுவா ஏரிக்கரைத் தொழிற்சாலை ஒன்றில் அரிசிமணி அளவுத் திருகாணிகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்து நல்லது, கெட்டது என்று பிரிக்கிறேன். ராத்திரியில் அதைவிடப் பெரிய பொருள்களைப் பார்க்கிறேன். ஆனால் அவை கொஞ்சம் தள்ளி இருக்கின்றன.

இந்தக் குளிர்காலத்தில் நான் துரத்திக்கொண்டிருந்தது ரிஷப ராசிப் பக்கம் கிடக்கும் ஒரு நட்சத்திரத்தின் மிச்சம். நாற்பதாயிரம் வருடத்துக்கு முன்னால் வெடித்தது என்கிறார்கள். அது சிதறிய வாயு இன்னும் நூல் நூலாக வானத்தில் மிதக்கிறது, ஆறு முழுநிலவை வரிசையாக வைத்த அகலத்துக்கு. பெரியதுதான். ஆனால் அத்தனை மங்கல். தொலைநோக்கியில் கண்ணை வைத்தாலும் ஒன்றும் தெரியாது. ஐந்து நிமிஷப் படம் ஒன்று எடுத்தால் அதிலும் ஒன்றும் தெரியாது. நூற்றுக்கணக்கில் எடுத்து ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால், பிரிந்துபோன சிவப்பு நூல்கண்டு மாதிரி ஏதோ ஒன்று மெல்ல எட்டிப் பார்க்கும். பதினான்கு மணி நேரப் படத்தை அடுக்கித் தொகிகோவிடம் காட்டினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன்.

"எதுல துவைச்சா போகும்?" என்றாள்.

இன்னும் ஆறு மணி நேரம் எடுத்துவிட்டால் போதும். வானியல் மாத இதழ் ஒன்றுக்கு அனுப்பலாம். அந்த இதழுக்குப் பதினோரு வருடமாகப் படம் அனுப்புகிறேன். பதினோரு வருடமாக, கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், 'இடம் கிடைக்காத, ஆனாலும் பாராட்டத்தக்க' நபர்களின் பட்டியலில் என் பெயர் வருகிறது. படம் வருவதில்லை. பெயர் மட்டும். சொந்தக்காரர்களிடம் காட்டினால் இது என்ன காணாமல்போனவர்கள் பட்டியலா என்று கேட்கிறார்கள். இந்த வருடம் படம் வந்தே தீரவேண்டும் என்று சபதம் செய்திருந்தேன்.

என் நூல்கண்டு கிழக்கே, எங்கள் தெரு முக்கின் மேலேதான் உதிக்கும். அங்கே விளக்குக் கிடையாது. அந்த முக்கின் இருட்டு என் சொத்து மாதிரி. அங்கேதான் புதிதாகத் தெருவிளக்கு போடுவதாக டவுன் ஆபீஸ் உத்தரவிட்டிருந்தது.

காரணம் நியாயமானதுதான். அதை மறுக்க மாட்டேன். பக்கத்து வீட்டுக் கராசாவா சானின் மகள் சிஹாரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கடைசி ரயிலில் இறங்கி, ஸ்டேஷனிலிருந்து இருபது நிமிஷம் அந்த முக்கு வழியாக நடந்து வருகிறாள். போன மாதம் ஒரு காட்டுப்பன்றி முக்கில் நின்று அவளைப் பார்த்ததாம். அவளும் பன்றியைப் பார்த்தாளாம். யார் முதலில் ஓடினார்கள் என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஆக விளக்கு வேண்டும் என்று தெருக் கூட்டத்தில் முடிவானது.

எங்கள் ஊரில் கூட்டத்தில் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. பிடிக்காவிட்டால் "அப்படியா" என்று தலையாட்டுவோம். ரொம்பவும் பிடிக்காவிட்டால் இரண்டு முறை "அப்படியா". அன்று நான் ஐந்து முறை சொன்னேன். யாரும் கண்டுகொள்ளவில்லை. தொகிகோ மட்டும் திரும்பிப் பார்த்தாள்.

இந்த வருடம் தெருத்தலைவர் முறை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. வீட்டுக்கு வரும் எல்லா வேலையும் போல அதுவும் தொகிகோவிடம் போயிற்று. மறுநாள், திங்கட்கிழமை காலை, அவள் கூட்டுறவுக் காய்கறிக் கடை வேலைக்குக் கிளம்பும்போது சாப்பாட்டு மேஜை மேல் சுற்றுப்பலகையை வைத்தாள். கிளிப் போட்ட அட்டைப் பலகை. தெருவுக்கு ஏதாவது சேதி என்றால் தாளை அதில் செருகி அனுப்புவோம். ஒவ்வொரு வீட்டுக்காரரும் படித்து, தன் பெயருக்கு நேராகச் சிவப்பு முத்திரை குத்தி, அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். பத்து வீடும் சுற்றிப் பலகை தலைவர் வீட்டுக்குத் திரும்பும்.

"படிச்சு, முத்திரை குத்தி, கராசாவா சான்கிட்ட குடுத்துட்டுப் போங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள பத்து முத்திரையோட எனக்குத் திரும்பி வரணும். மறந்துடாதீங்க."

"நான் எதை மறந்திருக்கேன்?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிதானமாகப் பஸ்ஸுக்கு நடந்தாள்.

பலகையைப் பார்த்தேன். முதல் தாளில் கொட்டை எழுத்தில் தலைப்பு: 'தெருமுக்கில் புதிய விளக்கு அமைப்பது குறித்து.' அதற்கு மேல் நான் ஏன் படிக்க வேண்டும்? பத்து முத்திரை வராவிட்டால் காரியம் நின்றுபோகும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் ஒரு முத்திரை குறைந்தால் கோவில் மணிகூட அடிக்காது. விளக்கு அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போகும். எனக்குத் தேவை ஆறே மணி நேரம். அதற்கப்புறம் முக்கில் கலங்கரை விளக்கம் வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும்.

தொலைநோக்கியின் தாங்கி வைக்கும் அலுமினியப் பெட்டியைத் திறந்தேன். ஸ்பாஞ்சைத் தூக்கினேன். பலகையை அடியில் வைத்தேன். மூடினேன். அந்தப் பெட்டியைத் தொகிகோ தொடமாட்டாள். போன வருடம் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டு, இதற்குள் யாரைக் கொன்று வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டவள்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி சாப்பிடும்போது கேட்டாள்.

"பலகை கராசாவா சான்கிட்ட போச்சா?"

"போச்சு."

"என்ன சொன்னார்?"

"குளிர் ஜாஸ்தியாயிடுச்சுன்னார்."

"நேத்து பூரா அவர் மத்சுமோதோல பல் டாக்டர்கிட்ட இல்ல இருந்தார்?"

"போறதுக்கு முன்னாடி சொன்னார். வாயைப் பிடிச்சுக்கிட்டே சொன்னார்."

"ஓ."

புதன்கிழமையும் கேட்டாள்.

"இப்ப எந்த வீட்டுல இருக்கும்?"

"யாசாகி சான் வீட்டுல இருக்கும்."

"நேத்துதானே கராசாவா வீட்டுல இருந்தது. ஒரே நாள்ல நாலு வீடு தாண்டிடுச்சா?"

"எல்லாருக்கும் விளக்கு மேல அவ்வளவு ஆர்வம்."

"ஓ."

வியாழக்கிழமை அவள் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமையும் கேட்கவில்லை. மனைவி கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டால் புத்தியுள்ள புருஷன் சந்தேகப்பட வேண்டும். நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை வந்தது. அமாவாசை. மேகம் என்று சொல்ல ஒரு துணுக்குகூட இல்லை. காற்று இல்லை. வருடத்தில் இப்படி ஒரு ராத்திரி நாலோ ஐந்தோதான் கிடைக்கும். ஐந்தரை மணிக்கே சாப்பிட உட்கார்ந்து சோபா நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டிருந்தேன்.

"இன்னைக்கு எத்தன படம்?" என்றாள் தொகிகோ.

"எழுபத்திரண்டு. ஆறு மணி நேரம். இன்னையோட முடிஞ்சிடும்."

"நல்லது. இனிமே புது விளக்கு வந்தாலும் உங்களுக்குத் தொந்தரவு இருக்காது."

"அது எங்க வரப்போகுது?"

"ஏன் வராது? அதுக்குத்தானே நான் மூணு வாரமா டவுன் ஆபீசுக்கு நடந்தேன்."

"விளக்கு வேணும்னா?"

"அந்த விளக்கு வேணாம்னு. அவங்க போடறதா இருந்தது பெரிய வெள்ளை விளக்கு. நாலு பக்கமும் அடிக்கும், விடிய விடிய எரியும். மேல தொப்பி மாதிரி மூடி போடுங்க, வெளிச்சம் கீழ மட்டும் விழட்டும், மஞ்சள் பல்பா இருக்கட்டும், ராத்திரி பத்து மணிக்குத் தானா அணையட்டும்னு கேட்டேன். முடியவே முடியாதுன்னாங்க. கடைசியில, பத்து வீடும் முத்திரை போட்டுக் குடுத்தா மாத்தறோம்னு இறங்கி வந்தாங்க. பலகையில அதானே எழுதியிருந்தேன். நீங்கதான் படிச்சீங்களே."

நூடுல்ஸ் வாயில் பாதியும் கிண்ணத்தில் பாதியுமாக நின்றது. உறிஞ்சவும் முடியவில்லை, கடிக்கவும் முடியவில்லை.

"முத்திரை வரலைன்னா?"

"வரலைன்னா என்ன, பழைய உத்தரவுதான். திங்கட்கிழமை கம்பம் நடறாங்க. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு ஆபீஸ்காரர் வீட்டுக்கே வந்து பலகையை வாங்கிப்பார்."

என் நூல்கண்டைக் காப்பாற்ற என் மனைவி மூன்று வாரம் நடந்திருக்கிறாள். நான் பலகையை ஸ்பாஞ்சுக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறேன்.

"பலகை இந்நேரம் கடைசியா மொமொசெ அம்மா வீட்டுக்கு வந்திருக்கும், இல்லையா?" என்றாள், கிண்ணத்தைப் பார்த்தபடியே.

"வந்திருக்கும்."

"எதுக்கும் ஒரு எட்டு போய்ப் பார்த்துட்டு வாங்களேன்."

பின்கட்டுக்கு ஓடினேன். பெட்டியைத் திறந்து ஸ்பாஞ்சைத் தூக்கினேன். பலகை இருந்தது. கூடவே, அதன் கிளிப்பில், எங்கள் வீட்டு முத்திரையும் சிவப்பு மைப்பெட்டியும் ரப்பர் பேண்டால் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தன. நான் வைக்கவில்லை.

அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எப்போதிலிருந்து என்று தெரியவில்லை, ஆனால் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் திட்டவில்லை, காட்டிக்கொடுக்கவில்லை. நான் நானாகத் திருந்துவதற்கு வழிவிட்டு, முத்திரையைக்கூட எடுத்து வைத்திருக்கிறாள். என் கண் கலங்கியது. இப்படி ஒரு பெண்ணிடமா நான் பொய் சொன்னேன்! அந்த நிமிஷத்தில் அவள் மேல் எனக்கு எவ்வளவு மரியாதை இருந்தது என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன். ராத்திரி பத்தரை மணிவரை அது அப்படியே இருந்தது.

முதல் தாளைப் படித்தேன். அவள் சொன்னது எல்லாம் இருந்தது. தொப்பி, மஞ்சள் பல்பு, பத்து மணி. அடியில் இரண்டாவதாக ஒரு தாள் இருந்தது. இரண்டாவது தாள் எப்போதுமே குப்பை அட்டவணைதான். எரிக்கும் குப்பை செவ்வாய், வெள்ளி. பாட்டில் மாதம் ஒருமுறை. பதினைந்து வருடமாக அதை யாரும் புரட்டிப் பார்த்ததில்லை. என் கட்டத்தில் முத்திரையைக் குத்திவிட்டு வெளியே பாய்ந்தேன். ஒன்பது வீடு பாக்கி.

கராசாவா சான் கதவைத் திறந்தார். பலகையை வாங்கி முதல் தாளைப் படித்தார். பிறகு இரண்டாவது தாளையும் எடுத்து நிதானமாகப் படித்தார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார், எதையும் முழுதாகப் படிப்பவர். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தொகிகோ சான் சொல்லி வந்தீங்களா, இல்ல நீங்களாவே வந்தீங்களா?"

"நானாத்தான் வந்தேன். அவ ஒரு வார்த்தை சொல்லலை." இது ஏறக்குறைய உண்மை என்பதால் தைரியமாகச் சொன்னேன்.

"இந்தக் காலத்துல யார் இப்படிச் செய்வாங்க, ஹொகாரி சான்?"

"இதுல என்ன இருக்கு? அக்கம்பக்கம்னா இதுகூடச் செய்யலைன்னா எப்படி?"

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர். ஒரு பலகையைக் கொண்டு வந்ததற்கா என்று எனக்கே கூச்சமாகிவிட்டது. பல் வலியாகவும் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன். முத்திரை குத்தினார். வாசலில் நின்று நான் தெருவில் திரும்பும்வரை குனிந்தபடியே இருந்தார்.

அடுத்த மூன்று வீடுகளில் சீக்கிரம் முடிந்தது. ஐந்தாவது, யாசாகி சான் வீட்டில் முத்திரையைக் காணவில்லை. டிராயரில் இல்லை. சாமி மாடத்தில் இல்லை. அவர் தேடத் தேட நான் வாசல் வழியாக வானத்தைப் பார்த்தேன். கார்த்திகைக் கூட்டம் பளிச்சென்று மேலே ஏறியிருந்தது. அதன் பின்னால் என் நூல்கண்டும் ஏறிக்கொண்டிருக்கும். ஒரு படம் போச்சு. இரண்டாவது படம் போச்சு. ஐந்து நிமிஷத்துக்கு ஒன்றாக நெஞ்சுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பது நிமிஷம் கழித்து முத்திரை அவர் சட்டைப் பையிலேயே கிடைத்தது. மருந்துக்கடைக்குப் போனபோது வைத்தாராம்.

அவரும் இரண்டாவது தாளைப் படித்தார்.

"ஜனவரியில பனி கொட்டுமே. கஷ்டமில்லையா உங்களுக்கு?"

என் பொழுதுபோக்கைப் பற்றி அவர் அக்கறையாகக் கேட்பது அதுதான் முதல் தடவை.

"பழகிடுச்சு. மைனஸ் பதினஞ்சுல நின்னிருக்கேன். குளிரெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்ல."

"உடம்பு இடம் குடுக்குமா?"

"இன்னும் முப்பது வருஷம் தாங்கும்."

"அப்ப கவலையில்ல," என்று அழுத்திக் குத்தினார்.

சுற்றின் கடைசி முத்திரை மொமொசெ அம்மாவுடையது. எழுபத்திரண்டு வயது, தனியாக இருக்கிறார். முதலில் வாசல் பல்பை மாற்றிக் கொடுக்கச் சொன்னார். வாழ்நாள் முழுதும் வெளிச்சத்தைத் திட்டியவன், ஸ்டூல் மேல் ஏறி, பளீரென்று எரியும் ஒரு வெள்ளை பல்பை என் கையாலேயே மாட்டினேன். கண் கூசி அரை மணி நேரத்துக்கு ஒன்றும் தெரியாது. இருட்டுக்குப் பழகிய கண்ணைப் பாழடிப்பது எங்களுக்குள் மகா பாவம்.

அவரும் இரண்டு தாளையும் படித்தார்.

"எனக்கும் சேர்த்துத்தானே, ஹொகாரி சான்? மாசத்துல ரெண்டு நாள் எனக்குப் பாட்டு வகுப்பு. திரும்ப லேட்டாயிடும்."

மஞ்சள் விளக்கைப் பற்றித்தான் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

"உங்களுக்கு இல்லாமயா? எல்லாருக்கும் சேர்த்துத்தான் அம்மா."

"புண்ணியமாப் போகும்," என்றார். முத்திரை விழுந்தது. பத்து.

வீடு திரும்பும்போது மணி ஒன்பதரை. ஒன்பது வாசலிலும் எனக்குக் குனிந்து வணங்கியிருந்தார்கள். இத்தனை வருடம் என்னைக் கிறுக்கன் என்று நினைக்கிறார்கள் என்றே நினைத்திருந்தேன். வானியலுக்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறதா இந்தத் தெருவில்? தோள் தானாக நிமிர்ந்தது.

தொகிகோ பலகையை வாங்கி விரலால் எண்ணினாள்.

"பத்தும் இருக்கு."

"இருக்கு. வந்து... திங்கட்கிழமை நான்..."

"போய் உங்க வேலையைப் பாருங்க. ஏற்கெனவே பாதி ராத்திரி போச்சு."

ஒரு வார்த்தை திட்டு இல்லை. நான் அசடு வழிந்தபடி பின்வாசலுக்கு நழுவினேன்.

தொலைநோக்கியை நிறுத்தி, துருவ நட்சத்திரத்துக்கு நேர்ப்படுத்தி, குவியம் பார்த்து, பனி படியாமல் இருக்கக் குழாய் வாயில் சூட்டுப்பையைச் சுற்றிக் கட்டி முடித்தபோது மணி பத்தேகால். பொத்தானை அழுத்தினேன். முதல் படம் ஓடத் தொடங்கியது. முக்கைப் பார்த்தேன். கும்மிருட்டு. அழகான, அடர்த்தியான, பத்து முத்திரை குத்திய இருட்டு. இனி அது எங்கும் போகாது. இன்று நாலு மணி நேரம், நாளை இரண்டு மணி நேரம். படம் முடிந்துவிடும். ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் எழுந்து போனது. மூச்சை முழுதாக இழுத்து விட்டேன். அது வெள்ளையாகப் புகைந்து போவதைப் பார்க்கக்கூடச் சந்தோஷமாக இருந்தது. நான் எவ்வளவு பெரிய முட்டாள், எவ்வளவு அதிர்ஷ்டக்கார முட்டாள் என்று நினைத்துச் சிரித்தேன்.

பின்வாசல் கதவு திறந்தது. தொகிகோ கையில் வறுத்த இலைத் தேநீர், கையுறை, என் சிவப்பு டார்ச், அப்புறம் ஒரு தாள்.

"சூடா குடிங்க. குடிச்சிட்டுக் கிளம்புங்க."

"எங்க?"

"ஸ்டேஷனுக்கு. வண்டி பத்து ஐம்பத்திரண்டுக்கு."

"எந்த வண்டி? யார் வர்றாங்க?"

"சிஹாரு. பத்து மணிக்கு விளக்கை அணைச்சா அந்தப் பொண்ணு எப்படி வரும்னு கராசாவா சான் கேட்டார். நியாயமான கேள்விதானே? அதுக்கு வழி சொன்னாத்தான் முத்திரைன்னார். எல்லாருமே அதான் கேட்டாங்க. அதான் இதை எழுதி வெச்சேன்."

சிவப்பு டார்ச்சை அடித்துத் தாளைக் காட்டினாள். இரண்டாவது தாள். குப்பை அட்டவணை இல்லை. 'பத்து மணிக்கு மேல் ஸ்டேஷனிலிருந்து தனியாக வருபவர்களை, எப்படியும் அந்த நேரத்தில் விழித்திருக்கும் ஹொகாரி அவர்கள், தாமாக முன்வந்து, கூடவே நடந்து வீடுவரை கொண்டுவந்து விடுவார். மழை, பனி பாராது. இன்று முதல்.' அடியில், எனக்குத் தெரியாமல் எப்படி எழுதினாளோ, என் பெயர்.

"இதை என்கிட்டயே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா போயிருப்பீங்களா? இந்த மாதிரி வாக்குறுதியை ஒவ்வொரு வாசல்லயும் அந்த ஆளே போய்க் குடுக்கணும். உங்களுக்காக நான் போய்க் குடுக்க முடியுமா? நீங்க ஓடினாத்தான் உண்டு. அதான் மொதல் தாள்ல தலைப்பை மட்டும் பெருசா எழுதினேன், அதைப் பார்த்ததும் ஒளிச்சு வெப்பீங்கன்னு தெரியும்."

திங்கட்கிழமை காலையில் அவள் அத்தனை நிதானமாகப் பஸ்ஸுக்குப் போனது ஞாபகம் வந்தது.

"படம் ஓடிக்கிட்டிருக்கே, தொகிகோ. விட்டுட்டு எப்படிப் போறது?"

"பத்து வருஷமா என்கிட்ட என்ன சொல்றீங்க? கேமரா தானா எடுக்கும், தாங்கி தானா நகரும், நான் சும்மா பக்கத்துல நிப்பேன்னுதானே? சும்மா நிக்கறதுக்குப் பதிலா நடங்க. டாக்டரும் அதான் சொன்னார்."

தொலைநோக்கியை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். கேமரா க்ளிக் என்று இரண்டாவது படத்தைத் தானாகவே தொடங்கியது.

தேநீரைக் குடித்தேன். கையுறையை மாட்டினேன். உண்மையைச் சொன்னால், எனக்குக் கோபமே வரவில்லை. இருட்டு கைக்கு வந்துவிட்டது. அதற்கு இருபது நிமிஷ நடை அதிகமில்லை. படலைத் திறந்தபோது ஒரு சந்தேகம் மட்டும் மிச்சமிருந்தது.

"இது எத்தன நாளைக்கு?"

"சிஹாரு ரிடையர் ஆகற வரைக்கும்," என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சிஹாருவுக்கு இப்போது வயது இருபத்தாறு.